கம்பு முதலில் அடிப்பது நம் காலைத்தான்

(மதுரையில் பெற்றோர்களும் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்குச் சிலம்பம் போன்ற தற்காப்புக் கலைகளைக் கற்றுக்கொடுக்கலாமா, கொடுத்தால் அவர்கள் குணம் என்னவாகும் என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தப் பேச்சை எடுத்தாலே நம் மஹல்லாக்களில் இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று வீட்டுக்குள்ளிருந்து வருகிறது: "கம்பு பழகுனா பையன் சண்டைக்காரனாப் போயிருவானே பாய்?" மற்றொன்று வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறது: "இந்தப் பையன்களுக்கு எதுக்குக் கம்பு?" முதல் கேள்வி தகப்பனுடையது. இரண்டாவது கேள்வியை யார் கேட்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்குவது சரியாகாது.

முதலில் தகப்பனின் கேள்வி. அது நியாயமான கேள்வி. கம்பைக் கையில் கொடுத்தாலே பிள்ளை உத்தமனாகிவிடுவான் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. டிரல்சன் என்ற ஆய்வாளர், தவறான பாதையில் போகக்கூடியவர்கள் என்று கண்டறியப்பட்ட 13 வயது முதல் 17 வயது வரையிலான பையன்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையைப் பழைய முறைப்படி, மரியாதை, பொறுமை, தியானம், கலையின் ஒழுக்க விதிகள் எல்லாவற்றோடும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அடியும் உதையும் மட்டும். மூன்றாவது குழுவுக்கு ஓட்டம், கூடைப்பந்து போன்ற சாதாரண விளையாட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவின் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. இரண்டாவது குழுவின் முரட்டுத்தனமோ கூடியிருந்தது! அது சிறிய ஆய்வுதான். ஆனால் 2005-இல் நார்வே நாட்டிலிருந்து வந்த பெரிய ஆய்வொன்றும் குத்துச்சண்டை, மல்யுத்தம், எடை தூக்குதல், கீழை நாட்டுச் சண்டைக் கலைகள் ஆகியவற்றில் ஈடுபட்ட பையன்களிடம் வன்முறையும் சமூக விரோத நடத்தையும் கூடியதையே காட்டியது. வலிமையைப் பற்றிய வெறும் ஆண்பிள்ளைத் திமிர் நிறைந்த சூழலையும் அதற்கொரு காரணமாக அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 2004-இல் லேக்ஸ், ஹாய்ட் என்ற இருவர் ஒரு பள்ளிக்கூடத்தில் மழலை வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மூன்று மாதம் டேக்வாண்டோ கற்பித்துப் பார்த்தார்கள். வழக்கமான உடற்பயிற்சி வகுப்புக்குப் போன பிள்ளைகளைவிட இவர்களிடம் தன்னைத் தானே கட்டுப்படுத்தும் ஆற்றலும் வகுப்பறை ஒழுங்கும் மேலாக இருந்தன. ஆக, ஒரே கலை ஓரிடத்தில் பிள்ளையைப் பக்குவப்படுத்துகிறது, இன்னோரிடத்தில் கெடுக்கிறது. வித்தியாசம் கம்பிலும் இல்லை, கராத்தே உடையிலும் இல்லை. கற்றுக்கொடுப்பவரிடத்தில் இருக்கிறது.

களத்தில் நடப்பது என்ன?

சிலம்பக் களத்தை நேரில் பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நல்ல வாத்தியார் முதல் நாளே பிள்ளையின் கையில் கம்பைக் கொடுத்துவிட மாட்டார். முதலில் காலடி. வலது கால் எங்கே, இடது கால் எங்கே, உடம்பின் பாரம் எந்தக் காலில், திரும்பும்போது குதிகால் என்ன செய்கிறது என்று நாள்கணக்கில், சில களங்களில் மாதக்கணக்கில் அதே காலடியைப் போட வைப்பார். "எப்ப அத்தா கம்பு தருவாங்க?" என்று பிள்ளை வீட்டுக்கு வந்து அழும். அழட்டும். கேட்டதெல்லாம் விரல் தொட்ட மாத்திரத்தில் கைப்பேசித் திரையில் வந்து நிற்கும் காலத்தில் வளரும் பிள்ளை அது. ஒரு பொருளுக்காகக் காத்திருப்பது என்றால் என்னவென்று அது வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் இடம் அந்தக் களமாக இருக்கலாம்.

பிறகு கம்பு வருகிறது. ஏறத்தாழ ஆளின் நெற்றி உயரத்துக்கு இருக்கும் மூங்கில் கம்பு. சின்னப் பிள்ளைக்கு அதன் உயரத்துக்கேற்பச் சிறிய கம்பு. அதைச் சுற்றத் தொடங்கியதும் என்ன நடக்கும் தெரியுமா? கம்பு முதலில் அடிப்பது எதிரியை அல்ல. சுற்றுகிறவனின் கணுக்காலை அடிக்கும், முழங்காலை அடிக்கும், காதோரம் ஒன்று வைக்கும். அவசரப்பட்டால் அடி, கவனம் சிதறினால் அடி, பக்கத்துப் பையன் பார்க்கிறானா என்று திரும்பினாலும் அடி. வாத்தியார் திட்ட வேண்டியதே இல்லை, கம்பே பாடம் சொல்லிவிடும். வீட்டில் நாம் அடித்தால் பிள்ளைக்கு நம் மேல் கோபம் வரும். கம்பு அடித்தால் யார் மேல் கோபப்படுவது? தன் கையைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். தவறு என்னுடையது, திருத்த வேண்டியவனும் நானே என்ற இந்தப் படிப்பினையை நூறு அறிவுரை சொல்லியும் ஏற்ற முடியாது.

இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆடும் கட்டம் அதற்கப்புறம். இங்கே அடிப்பது திறமையல்ல, தொடுவதுதான் திறமை. கம்பின் முனையில் பொடியைத் தடவிக்கொண்டு, எதிராளியின் உடம்பில் எத்தனை இடத்தில் பொட்டு விழுந்தது என்று எண்ணிப் பார்ப்பது பழைய முறை. இன்றைய போட்டிகளிலும் தொட்டதற்குத்தான் புள்ளி. முழு வேகத்தில் வரும் கம்பைத் தோலில் பட்டும் படாமலும் நிறுத்த வேண்டும் என்றால் கையில் எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கோபம் வந்தவனால் அது முடியாது. கோபம் வந்தால் கை ஓங்குகிறது, ஓங்கிய கைக்குக் கீழே விலா திறந்து கிடக்கிறது, எதிராளி அலுங்காமல் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறான். கோபப்பட்டவன் தோற்பான் என்பதை மேடையில் நான் சொன்னால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். களத்தில் ஒரு முறை அனுபவித்தால் மறக்க மாட்டார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் இதைத்தானே சொன்னார்கள்? மல்யுத்தத்தில் ஆட்களை வீழ்த்துபவன் வீரனல்ல, கோபம் வரும் வேளையில் தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் செய்தி. இதை வைத்துக்கொண்டு, "அப்படியானால் மல்யுத்தமே வேண்டாம்" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்ற கருத்தும் முஸ்லிம் நூலில் இருக்கிறது. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். உமர் (ரலி) அவர்கள் தடுக்கப் போனபோது, விட்டுவிடும்படி நபியவர்கள் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை அந்த விளையாட்டை நின்று பார்த்தார்கள், நபியவர்களும் உடன் நின்றார்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே மார்க்கம் ஆயுதத்துக்கு எல்லையும் போட்டிருக்கிறது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு நடப்பவர் யார் மேலும் பட்டுவிடாதபடி முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று கட்டளை. கடைவீதி என்று பெயர் சொல்லியே வந்திருப்பதை வியாபாரிகள் கவனிக்க வேண்டும்! விளையாட்டுக்குக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது. முகத்தில் அடிக்கக் கூடாது. எந்தக் கலையைக் கற்றாலும் நம் பிள்ளை இந்த விதிகளோடுதான் களத்தில் இறங்க வேண்டும். முகத்தைக் குறிவைத்து அடிப்பதே நோக்கமாக உள்ள போட்டிகளை நம் ஆலிம்கள் விரும்பாததற்குக் காரணம் இதுவே. தலையில் விழும் அடி மூளைக்குக் கேடு என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. எனவே தலைக்கவசம் இல்லாத பயிற்சிக் களத்தில் இருவர் ஆட்டம் வேண்டாம்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உஹது போருக்குப் புறப்படும்போது இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு 14 வயது. ஆர்வத்தோடு வந்து நின்றவரை நபியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அகழ்ப் போரின்போது 15 வயது, அப்போதுதான் அனுமதித்தார்கள். உயிர் போகும் நெருக்கடியிலும் ஆர்வத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையின் வயதைப் பார்த்தார்கள். ஆறு, ஏழு வயதில் காலடியும் கம்பு சுற்றலும் போதும். பதக்கத்துக்காக எட்டு வயதுப் பிள்ளையை மோதவிடும் பயிற்சியாளரிடமிருந்து நம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

வாத்தியார் யார்?

உலகத்தில் இந்தக் கலைகளைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானில் 1882-இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ ஒரு கல்வியாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக நீண்ட காலம் இருந்தவர். ஒக்கினாவா தீவில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுவந்த இட்டோசு, 1908-இல் கல்வித்துறைக்கு ஒரு கடிதமே எழுதி அதன் பயன்களை விளக்கினார். அவருடைய மாணவரான ஃபுனாகோஷி பள்ளிக்கூட வாத்தியார். பேரைக் கேட்டாலே நடுங்கும் சண்டியர்கள் அல்ல இவர்கள். சாக்பீஸ் பிடித்த கைகள்.

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1954-ஆம் ஆண்டு, லூயிவில் நகரத்தில், காசியஸ் கிளே என்ற 12 வயதுக் கறுப்பினப் பையனின் புதுச் சைக்கிள் களவு போகிறது. திருடியவனை அடித்து நொறுக்குவேன் என்று அழுதுகொண்டே புகார் செய்கிறான். புகாரைக் கேட்ட ஜோ மார்ட்டின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் அங்கேயே பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். அடிப்பதற்கு முன்னால் அடிக்கக் கற்றுக்கொள் என்று அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964-இல் உலகப் பட்டம், அதை வென்ற கையோடு இஸ்லாத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தைப் பறித்தார்கள். குத்த வேண்டிய இடத்தில் குத்தவும், கையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் தெரிந்த மனிதர். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் ஆடியதைப் பெரியவர்களில் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். அன்று அழுதுகொண்டு வந்த பையனை, "போடா, வேலையைப் பார்" என்று அந்தப் போலீஸ்காரர் விரட்டியிருந்தால்?

இளைஞர்களுக்கு இப்போது கபீபைத்தான் பிடிக்கும். தாகெஸ்தான் மண்ணைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ், 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர். 2018 அக்டோபரில் மெக்கிரகரை வென்ற கையோடு அவர் கம்பி வேலியைத் தாண்டிக் குதித்து எதிரணி ஆட்களோடு மோதிய காட்சியைப் பையன்கள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டாமா? அன்றிரவே பத்திரிகையாளர்கள் முன் அவர் மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்குப் போனால் தகப்பனார் என்ன செய்வாரோ என்று அந்த உலக வீரர் பயந்ததும் அதே இடத்தில்தான். ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் வந்தன. அவருக்குக் கலையைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் வேறு யாருமல்லர், தகப்பனார் அப்துல்மனாப்தான். அந்தத் தகப்பன் தன் மகன் செய்தது சரியென்று வாதாடவில்லை. 2020-இல் தகப்பனார் இறந்த பிறகு ஒரே ஒரு போட்டி, அதையும் வென்றுவிட்டு, தகப்பன் இல்லாமல் ஆட மாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைச் சொல்லிக் களத்தைவிட்டே ஒதுங்கினார். வேலி தாண்டியதைவிட இது எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இங்கே வியாபாரச் சகோதரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் நெல்பேட்டையிலும் காலையில் கடை திறந்து, இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் அத்தாவின் முகத்தைப் பிள்ளை வாரத்தில் எத்தனை நாள் பார்க்கிறது? பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, அஸருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவன் எங்கே நிற்கிறான், யாருடன் நிற்கிறான்? பள்ளி மாணவர்களிடம் 'கூல் லிப்' என்ற போதைப் பொட்டலம் பரவுவதைக் குறித்து 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவிக்கும் நிலை வந்தது. அது வேறு யாருடைய பிள்ளைகளையோ பற்றிய பேச்சு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு களமும், வியர்வையும், கண்டிப்பான ஒரு பெரிய மனிதரின் பார்வையும் கிடைத்தால் போதைப் பொட்டலக்காரனுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவான். வியாபாரக் கணக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் பிள்ளையைச் சேர்த்துவிட்டுத் தகப்பன் மறந்துவிடக் கூடாது. வாத்தியார் புகைப்பவரா, வாயில் கெட்ட வார்த்தை வருகிறதா, தோற்ற பிள்ளையை மற்றவர் முன் கேவலப்படுத்துகிறாரா என்று மாதத்துக்கு ஒரு நாளாவது களத்தோரம் நின்று பாருங்கள். பூட்டிய அறையில், தனியே, இருட்டிய பிறகு பயிற்சி என்றால் எவ்வளவு பெரிய பெயரெடுத்தவர் என்றாலும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களைத் தண்டிக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது, 1098 என்ற உதவி எண் இருக்கிறது. பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் 'வாத்தியார் அப்படிச் செய்ய மாட்டார்' என்று வாயை அடைத்துவிடாமல் முதலில் காது கொடுங்கள்.

வெளியிலிருந்து வரும் கேள்வி

இனி இரண்டாவது கேள்வி. ஒரு சமூகம் பலமாக இருப்பதையே குற்றமாகப் பார்க்கும் பார்வை இந்த மதுரை மண்ணுக்குப் புதியதல்ல. மேடைக்கு மேடை இதில் பலர் பலவாறு பேசுகிறார்கள், நான் சட்டப் புத்தகத்தில் உள்ளதோடு நிற்கிறேன். 1871-இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நமக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் மக்களை, பிறந்ததற்காகவே குற்றவாளிகள் என்று பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்மணி உட்படப் பலர் உயிரிழந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. சந்தேகப் பார்வையின் வலி எது என்று அந்த ஊர் மக்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அதற்குப் பயந்து பிள்ளையை மூலையில் உட்கார வைப்பதா? அல்லது நாலு சுவருக்குள் மறைத்து, நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று தனியே நடத்துவதா? இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது, முதலாவதைவிடத் தவறு. மறைவில் நடப்பது எதுவாக இருந்தாலும் அதற்கு நாளை வேறொருவர் பெயர் வைப்பார். அந்தப் பெயரைச் சுமக்கப்போவது பத்து வயதுப் பிள்ளை. ஆகவே களம் திறந்த வெளியில் இருக்கட்டும். பகலில் இருக்கட்டும். மைதானத்துக்கு உரிய அனுமதி எழுத்தில் இருக்கட்டும், வருகைப் பதிவேடு இருக்கட்டும். எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் வரட்டும். இயக்கக் கொடியும் கோஷமும் களத்துக்குள் வர வேண்டாம். இது ஓர் இயக்க மேடை, இங்கிருந்தே இதைச் சொல்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டில் நம் இயக்கத்தின் பெயரைக்கூட எழுத வேண்டாம். ஊர்ப் போலீஸ்காரரின் பிள்ளை நம் பிள்ளையோடு கம்பு சுற்றினால் அதைவிட நல்ல பதில் எது?

சிலம்பம் யாருடைய கலை என்று கேட்பவர்களுக்கு: அது இந்த மண்ணின் கலை, ஆகவே நம்முடைய கலையும்கூட. ஆட்டம் தொடங்குமுன் செய்யும் மரியாதை வரிசையைச் சலாம் வரிசை என்றே பல வாத்தியார்கள் சொல்வார்கள். சலாம் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? தமிழகத்தின் பல ஊர்களில் சந்தனக்கூடு ஊர்வலங்களிலும் முஹர்ரம் நாட்களிலும் கம்பு சுற்றி வந்தவர்கள் நம் முன்னோர்கள். (அந்த விழாக்களைப் பற்றிய மார்க்கச் சர்ச்சை வேறு, அதற்குள் நான் போகவில்லை. கம்பு அங்கே இருந்தது என்பது மட்டும் வரலாறு.) இதே மதுரையை ஆண்ட கான்சாஹிப் யூசுப் கான் இராமநாதபுரம் சீமையில் பிறந்து, சிப்பாயாகச் சேர்ந்து, தன் திறமையால் தளபதியாகி, கவர்னராக உயர்ந்தவர். வெளியிலிருந்து முற்றுகையிட்ட பீரங்கிகளால் அவரைப் பிடிக்க முடியவில்லை, உள்ளே இருந்தவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் இந்த நகரத்தின் எல்லையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமாகியுள்ள இடத்தைத் தாண்டி எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறோம், பிள்ளைக்கு ஒரு முறை இறங்கிக் காட்டியிருக்கிறோமா?

அரசு அங்கீகாரமும் இப்போது இருக்கிறது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குரிய விளையாட்டுகளில் சிலம்பத்தையும் சேர்ப்பதாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழ் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் சான்றிதழுக்காக மட்டும் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுவீர்கள், அந்த வயதில்தான் பையனுக்குக் களம் மிகவும் தேவைப்படுகிறது.

தாய்மார்கள் பகுதியிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்று, களத்தில் தரையைத் தொட்டுக் கும்பிட வேண்டும், வாத்தியார் காலைத் தொட வேண்டும் என்கிறார்களே என்பது. வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டுமே. அதில் விட்டுக்கொடுக்க முடியாது, மரியாதைக் குறைவாக நடக்கவும் கூடாது. சேர்க்கும் நாளன்றே தகப்பன் போய், "வாத்தியாரே, எங்கள் பிள்ளை நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்வான், காலில் விழ மாட்டான்" என்று பணிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல வாத்தியார்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டுவிட்டு, எட்டு வயதுப் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் மறுக்கச் சொல்வதுதான் தவறு. அந்தப் பாரம் பெற்றோருடையது.

இரண்டாவது சீட்டு, பெண் பிள்ளைகளைப் பற்றியது. அரசுப் பள்ளிகளில் மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சியை அரசே கொடுக்கிறது. நம் பெண் பிள்ளைகள் பேருந்தில் போகிறார்கள், கல்லூரிக்குப் போகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டினால் சத்தம் போட்டு, உதறிவிட்டு, விலகி நிற்கும் தைரியம் அவர்களுக்கு வேண்டாமா? தளர்வான உடையும் தலை மறைப்பும் காலடிக்குத் தடையல்ல. பெண் ஆசிரியை, பெண்களுக்கென்று நேரம், இவை இரண்டையும் ஏற்பாடு செய்வது ஆண்களாகிய நம் பொறுப்பு. பயிற்றுவிக்கத் தகுதியுள்ள சகோதரிகளை முதலில் தேடுவோம். அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் சரி.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு களமும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு களமும் தொடங்க இடம் வேண்டும். பள்ளிவாசலைச் சேர்ந்த காலி மனை, கடைக்காரர்களின் கிடங்கு முற்றம், அரசு மைதானம், எதுவானாலும் மூன்று பக்கமாவது திறந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பானையும் முதலுதவிப் பெட்டியும் தலைக்கவசங்களும் வாங்க வேண்டும். வாத்தியாருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், "சேவைதானே" என்று அவரை ஏமாற்றக் கூடாது. பிள்ளைகளின் பெயரையும் வயதையும், ஆஸ்துமா, வலிப்பு போன்ற நோய் ஏதும் இருந்தால் அதையும் எழுதி, வாசலில் வைத்திருக்கும் நோட்டில் பதிந்துவிட்டுப் போங்கள். இடம் தர முடிந்தவர்கள் இஷா தொழுகைக்குப் பிறகு இங்கேயே சற்று நேரம் இருந்தால் பேசி முடித்துவிடலாம்.